இரைப்பைத் தேக்கத்துக்கு ஜி-போயம்: அனுபவமுள்ளவர்கள் கூறவும்

மதுரையில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 58. நெடுங்காலச் சர்க்கரை நோயால் இரைப்பை மிக மெதுவாகவே காலியாகிறது என்று சென்ற ஆடியில் கண்டறிந்தார்கள். காலையில் உண்ட இட்லி மாலையில் அப்படியே வாந்தியாக வருகிறது. எண்டோஸ்கோப்பியில் அடைப்பு ஏதுமில்லை. ஐசோடோப் கலந்த உணவு கொடுத்து எடுத்த ஸ்கேனில், 4 மணி நேரத்துக்குப் பின் 10 சதவீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாத உணவு 38 சதவீதம் தங்கியிருந்தது. இரைப்பையின் இயக்கத்தைத் தூண்டும் மருந்துகளில் டோம்பெரிடோன் பலனளிக்கவில்லை, மெட்டோகுளோபிரமைடு கொடுத்ததும் கை நடுங்கியதால் மருத்துவரே நிறுத்திவிட்டார். நார் குறைந்த கஞ்சியைச் சிறிது சிறிதாகக் கொடுத்தும் பார்த்தோம். இரைப்பையின் வெளிவாய்த் தசையைத் தளர்த்தப் போடும் போடாக்ஸ் ஊசி, ஒப்பீட்டு ஆய்வுகளில் வெற்று மருந்தைவிட மேலாக நிற்காததால், அதில் எனக்கு நம்பிக்கையில்லை. வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி இரைப்பையின் வெளிவாய்த் தசையை வெட்டித் தளர்த்தும் ஜி-போயம் சிகிச்சையை இப்போது பரிந்துரைக்கிறார்கள். சர்க்கரை நோயுடன் இதைச் செய்துகொண்டவர்களுக்கு, ஓராண்டுக்குப் பிறகும் வாந்தி கட்டுக்குள் இருக்கிறதா?