பாத்ரூம் இல்லாத கேம்பிங் டிரெய்லர்: நாலு பேர் குடும்பத்துக்குச் சரிவருமா?

வழித்துணை (கேள்வி)

வணக்கம். பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு (9 வயது, 5 வயது). காரின் இழுவை எல்லை 1,400 கிலோ, ஹிட்ச் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் அனுமதித்த எடை 75 கிலோ. பார்த்ததில் இரண்டு டிரெய்லர் மனதில் நிற்கின்றன.

முதலாவதில் பாத்ரூம் உண்டு. காலி எடை 1,180, அதிகபட்ச எடை 1,350 கிலோ. பிள்ளைகளுக்குத் தனிப் படுக்கை இல்லை. ராத்திரி சாப்பாட்டு மேசையை இறக்கி, மெத்தை பரப்பித்தான் அவர்களைப் படுக்க வைக்க வேண்டும்.

இரண்டாவதில் பாத்ரூம் கிடையாது. அந்த இடத்தில் நிரந்தர அடுக்குப் படுக்கை. காலி எடை 990, அதிகபட்சம் 1,300. பழைய வண்டி. முன் ஜன்னலுக்குக் கீழே சுவரை அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. "பிளைவுட் அப்படித்தான் இருக்கும்" என்கிறார் விற்கிறவர்.

மனசு இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி கழிவறைக்கு என்ன செய்வது, குளியல் எப்படி, அந்தச் சுவரை நம்பலாமா என்ற மூன்றும் உறுத்துகின்றன.

அச்சாணி

எடைக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். அதிகபட்ச எடையில் காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. முதலாவதில் 170 கிலோ, இரண்டாவதில் 310.

நாலு பேருக்குச் சாதாரணமாக ஏறுவதைக் கூட்டிப் பாருங்கள். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி 29, நிரம்பிய சிறு கேஸ் சிலிண்டர் 12, வண்டியின் பக்கத்தில் விரிக்கும் பந்தல் 22, குடிநீர் 40 லிட்டர் என்றால் 40, தண்ணீர் ஊற்றிய போர்ட்டபிள் டாய்லெட் 19, துணியும் போர்வையும் ஆளுக்கு 15 வீதம் 60, சமையல் சாமானும் மளிகையும் 40, நாற்காலி மேசை 20, கேபிள், குழாய், சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியைச் சமமாக்கும் சமன்கட்டை எல்லாம் 15. மொத்தம் 257 கிலோ. முதலாவதில் போர்ட்டபிள் டாய்லெட் தேவையில்லை, சரி, 238. தண்ணீரையும் வடித்துவிட்டு ஓட்டினாலும் 198. ஊரை விட்டுக் கிளம்பும்போதே 28 கிலோ அதிகம். குடும்பம் சாமானைக் குறைத்துக்கொள்ளும் என்று நம்பி இதை வாங்காதீர்கள், பிள்ளைகள் வளர வளர சாமான் கூடத்தான் செய்யும்.

காலி எடைக்கு விளம்பரத்தை நம்ப வேண்டாம். முந்தைய உரிமையாளர் பொருத்திய ஏசி, சோலார் பலகை, கூடுதல் பேட்டரி எதுவும் அந்த எண்ணில் இருக்காது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்த சீட்டைக் கேளுங்கள்.

கூடாரவாசி

பாத்ரூம் இல்லாத வண்டியில் எல்லாரும் கேட்பது "போர்ட்டபிள் டாய்லெட்டை எங்கே அடுக்கி வைப்பது?" என்றுதான். பகலில் அது எந்த இருக்கைக்கு அடியிலும் போய்விடும். எல்லாப் படுக்கையும் விரித்து, நாலு பேரும் படுத்த பிறகு அது எங்கே நிற்கும், அதில் ஒரு பெரியவர் உட்கார முடியுமா? வண்டியின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது.

ஒரு டாய்லெட் சுமார் 40 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் இருக்கும். அந்த அளவுக்கு ஒரு அட்டையை வெட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போங்கள். எல்லாப் படுக்கையையும் விரிக்கச் சொல்லுங்கள். அட்டையைத் தரையில் வையுங்கள். அதற்கு முன்னால் முழங்காலுக்கு இன்னும் 50 செ.மீ. வெற்றிடம் வேண்டும். மேல் படுக்கையிலிருந்து தூக்கக் கலக்கத்தில் இறங்கும் பிள்ளையின் கால் அட்டை மேல் படுகிறதா? வெளிக்கதவு திறக்கும் வழியை அது மறிக்கிறதா? இரண்டில் எது நடந்தாலும் அந்த இடம் ஆகாது. தீப்பிடித்தால் நாலு பேரும் ஓட வேண்டிய வழி அது.

டாய்லெட்டின் உயரத்தையும் பாருங்கள். 30 செ.மீ. சுற்றியுள்ளவை இருக்கைக்கு அடியில் எளிதாக நுழையும், ஆனால் பெரியவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். 40 செ.மீ. சுற்றியுள்ளது வீட்டில் உட்காருவது மாதிரியே இருக்கும். சுற்றித் திரை போட கூரையில் ஒரு வளைவுக் கம்பி போதும், திருகு போடுவதற்கு முன் அந்த இடத்தில் கூரைக்குள் மரச்சட்டம் ஓடுகிறதா என்று தட்டிப் பாருங்கள்.

ராத்திரிக்கு மட்டும் என்றால் 20 லிட்டர் கழிவுத் தொட்டி நாலு பேருக்கு நாலைந்து இரவு தாங்கும். பகலிலும் அதையே பயன்படுத்தினால் இரண்டு நாளைத் தாண்டாது. நிரம்பினால் 22 கிலோவுக்கு மேல், அதைக் கையில் தூக்கிக்கொண்டு கொட்டுமிடம் வரை நடக்க வேண்டும். உங்கள் வீட்டில் எல்லாராலும் அது முடியாது என்றால் 12 லிட்டர் தொட்டி வாங்கி அடிக்கடி காலி செய்வதே நல்லது.

ஈரமானி

சுவர் விஷயத்தில் விற்கிறவர் சொல்வதை ஏற்காதீர்கள். அதே சுவரில் ஜன்னலுக்கு மேலே, அதே அழுத்தத்தில் அமுக்கிப் பாருங்கள். மேலே கெட்டியாக இருந்து கீழே மட்டும் அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

சுவருக்குள் இருக்கும் ஈரத்தை அளக்கும், முள் குத்தாத ஈரமானி ஒன்றை எடுத்துப் போங்கள். 15% வரை கவலையில்லை. 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டியது. 20-க்கு மேல் என்றால் எங்கோ கசிகிறது. 30-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் உளுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஜன்னல் மூலைகள், கூரைத் துவாரத்தைச் சுற்றி, பந்தல் மாட்டும் தண்டவாளத்தின் உட்புறம், அடுக்குப் படுக்கைக்குப் பின்சுவர், அலமாரிக்குள் இருக்கும் மூலைகள் என எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே உலோகச் சட்டமோ ஃபாயிலோ இருந்தால் மீட்டர் ஏமாற்றும், அதனால் ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சரிசெய்வதென்றால் ஜன்னலைக் கழற்றி, பழைய அடைப்புப் பூச்சைச் சுரண்டி, சட்டத்தைக் காயவைத்து அல்லது மாற்றி, புது பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ரப்பர் ஒட்டுப்பட்டை) வைத்து மூட வேண்டும். வெளியே சிலிக்கான் பூசிவிட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதன் மேல் அடுத்த பூச்சும் ஒட்டாது.

பாத்ரூம் இல்லாத வண்டிக்கு இதில் ஒரு நன்மை உண்டு. கழிவுத் தொட்டிக் கதவு, பாத்ரூம் கூரைத் துவாரம் என்று வண்டியின் உடம்பில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கசிவு வழி. இதில் அந்த ஓட்டைகள் குறைவு.

வழித்துணை

அட்டையோடு போய்ப் பார்த்தேன். படுக்கை விரித்தபின் நடைவழி 58 செ.மீ. அகலம். டாய்லெட்டை வழியின் கடைசியில், கதவுக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் முன்னால் 70 செ.மீ. கிடைக்கிறது, ஏணியும் படவில்லை. ஈரமானியில் ஜன்னலுக்குக் கீழே 23, மற்ற இடமெல்லாம் 11 முதல் 14.

இன்னொன்று. உறவினர் ஒருவர் பழைய போர்ட்டபிள் டாய்லெட் தருகிறார். அதன் மூடித்தகடு (மேல் பாகத்துக்கும் கீழ்க் கழிவுத் தொட்டிக்கும் நடுவில் இழுத்துத் திறப்பது) இழுக்க வரமாட்டேன் என்கிறது, வாடையும் அடிக்கிறது. மாற்றிவிடலாமா?

ஈரமானி

23 ஒரே இடத்தில், மற்றதெல்லாம் 15-க்குக் கீழே என்றால் அந்த ஜன்னலின் சீல் ஒன்றுதான் கெட்டிருக்கிறது. ஆனால் அமுங்குகிற அளவுக்கு வந்துவிட்டதால் உள்பலகையைத் திறந்து சட்டத்தைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். திறக்க விடமாட்டேன் என்றால் விட்டுவிட்டு வேறு வண்டி பாருங்கள்.

கூடாரவாசி

டாய்லெட்டை எறிய வேண்டாம். இரண்டு கோளாறுக்கும் காரணம் பெரும்பாலும் தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான். காய்ந்தால் தகட்டை இறுகப் பிடிக்கும், ஓரத்தில் இடைவெளி விட்டு வாடையையும் வெளியே விடும்.

மேல் கீழ் இரண்டு பாகத்தையும் பிரியுங்கள். கீழ்த்தொட்டியின் வாயில் சீலைச் சுற்றிக் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கிறதா பாருங்கள், எடுத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டுக் கழுவுங்கள். ப்ளீச் வேண்டாம், ரப்பரைக் காயவைக்கும். நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரேயை மெல்லியதாக அடித்து, தகட்டைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். வாஸ்லின் தடவவே கூடாது, சீல் ஊதிப்போய் இன்னும் இறுகும். சீலில் வெடிப்பு தெரிந்தால் சீலை மட்டும் மாற்றலாம். பயன்படுத்தாத மாதங்களில் தகட்டைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், சீல் நசுங்காது.

மலை ஏறினாலும் வெயிலில் நின்றாலும் கீழ்த்தொட்டிக்குள் அழுத்தம் கூடும். காற்றுப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு, தகட்டை விரல்கடை அளவு மட்டும் மெதுவாகத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். சடாரென்று இழுத்தால் தெறிக்கும்.

அச்சாணி

குளியலுக்கு 1 மீட்டர் சதுரத்தில், 2 மீட்டர் உயரக் கழிவறைக் கூடாரம் போதும். பத்து லிட்டர் வாளியில் 2.5 லிட்டர் கொதிநீரும் 20 டிகிரியில் 7.5 லிட்டர் தண்ணீரும் கலந்தால் சுமார் 40 டிகிரி வரும். குளிர்ந்த தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் பிறகு கொதிநீர், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வரிசை மாறக் கூடாது. 12 வோல்ட் முங்கு பம்பை வாளிக்குள் போட்டு ஷவர் தலையில் நிறுத்தும் பொத்தான் உள்ளதை மாட்டினால் ஒருவருக்கு அந்த ஒரு வாளி போதும். காற்றுக்குக் கூடாரம் சாயாமல் நாலு மூலையும் கயிறு கட்டுங்கள். கழிவுநீரைத் தரையில் விட அனுமதி இல்லாத முகாம்களில் கீழே ஒரு தட்டு வைத்துப் பிடிக்க வேண்டும்.

சமன்கட்டை

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கழிவறை வசதி இல்லாத இடங்களில்தான் தங்குவீர்கள், அல்லது மழையிலும் குளிரிலும் கிளம்புவீர்கள் என்றால் கூடாரக் குளியல் இரண்டாம் நாளே சலித்துப்போகும். சொந்தக் கழிவறை உள்ள வண்டிகளை மட்டும் விடும் முகாம்களில் போர்ட்டபிள் டாய்லெட் கணக்கில் வருமா என்று முன்பதிவுக்கு முன் கேளுங்கள். மற்றபடி தினமும் மேசையை இறக்கி ஏற்றும் வேலையை விட, பிள்ளைகளுக்கு நிரந்தரப் படுக்கை இருப்பதுதான் நிம்மதி. மேல் படுக்கைக்கான எடை எல்லை ஸ்டிக்கரில் இருக்கும், பெரிய பிள்ளையின் இன்னும் சில வருட எடையை நினைத்துப் பாருங்கள்.

நாலு பேர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் நிறைய ஈரம் சேரும். கூரைத் துவாரத்தை விரற்கடையாவது திறந்து வைக்க வேண்டும். தரையில் இருக்கும் கேஸ் துவாரத்தின் மேல் டாய்லெட்டை வைத்துவிடாதீர்கள், கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, அந்த வழியாகத்தான் வெளியேற முடியும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாவிட்டால் வாங்கி மாட்டுங்கள்.

வழித்துணை

மிக்க நன்றி. பலகையைத் திறந்து காட்ட விற்கிறவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு வேறு என்ன பார்க்க வேண்டும்?

அச்சாணி

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் டயரின் வரிப்பள்ளம் நன்றாக இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், உறுமல் கேட்டாலோ பிடித்து அசைத்தால் ஆடினாலோ பேரிங் வேலை இருக்கிறது.

வாங்கியபின் சாமான் ஏற்றி ஹிட்ச் எடையை அளக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, கப்ளிங்குக்கு (ஹிட்சில் மாட்டும் டிரெய்லரின் முனை) அடியில் ஒரு மரத்துண்டை நட்டுவைத்து, அதன் கீழே வீட்டு எடை மெஷினை வையுங்கள். டிரெய்லரின் முன்னால் தாங்கி நிற்கும் சிறு சக்கரத்தை உயர்த்தினால் பாரம் மெஷினில் இறங்கும். உங்கள் காருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, ஆனால் 75-ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். உங்கள் டாய்லெட் நிற்கும் மூலை அச்சுக்குப் பின்னால் என்றால், கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.