புதுப்பிப்பு: ஆசிரியரின் தாவரக் கட்டுகளை எப்படிப் பதிவது?

கிளிநொச்சியில் ஓர் ஆசிரியர் விட்டுப்போன உலர்தாவரக் கட்டுகளையும் நத்தை ஓடுகளையும் ஒவ்வொன்றாகப் பதிய ஆளில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சரி, ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். உயிரினத் தரவுகளைப் பதிவதற்கான பொதுத் தரநிலையான டார்வின் கோர் பெரும்பாலும் தனித்தனி மாதிரிகளுக்கானது. எங்களுக்கு வேண்டியது தொகுப்பையே விவரிப்பது: என்ன வகை, எத்தனை, எங்கே சேர்த்தது, யார் பொறுப்பு. அதற்கென்றே வந்த தரநிலை லாட்டிமர் கோர். 1938இல் சீலகாந்த் மீனைக் கண்டெடுத்த அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமரின் பெயர் அது. இப்போதைக்குக் கட்டுக்கு ஒரு பதிவு; நேரம் கிடைக்கும்போது உள்ளே போகலாம்.

சிக்கல் இடப்பெயரில்தான். நேற்றுப் பிரித்த கட்டில் ஒரு பாலைக் கொப்பு. இலை மண்ணிறமாகிப் பேப்பரோடு ஒட்டிக் கிடந்தது. ஓரத்தில் நீல மையில் ‘இரணைமடு, யாழ்ப்பாண மாவட்டம், 1971’. பிழையில்லை, இரணைமடு இன்று இருக்கும் கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். ஆகவே தாளில் உள்ளதை அப்படியே ஓரிடத்திலும், இன்றைய மாவட்டத்தை வேறோரிடத்திலும் பதிகிறோம். அவர் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நத்தை ஓடுகளைத் தொடங்குகிறோம்.