எடைக்குறைப்புப் போட்டி நிகழ்ச்சிகளின் வேகத்தில் இளைக்க முயலலாமா?

கேள்வி: கார்முகில்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2004-ஆம் ஆண்டு தொடங்கிய 'தி பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியின் பழைய பருவங்களை என் அக்கா தொடர்ந்து பார்த்து வருகிறார். ஒரே வாரத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் குறைத்தவர்களைப் பார்த்த பிறகு, மாதம் இரண்டு கிலோ குறைத்தால் போதும் என்று மருத்துவர் கூறியது அவருக்குச் சோம்பேறிகளுக்கான இலக்காகத் தெரிகிறது. உணவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் உடற்பயிற்சி செய்யத் திட்டமிட்டிருக்கிறார். அந்தப் போட்டியாளர்களின் உடல்நிலை பின்னர் என்ன ஆயிற்று என்பது ஆய்வு செய்யப்பட்டிருக்கிறதா?

பதில்: நெடுவழி

செய்யப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர், 2009-இல் ஒளிபரப்பான எட்டாம் பருவத்தின் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பரிசோதித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். முப்பது வாரப் போட்டியில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. எடை ஏறியதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. எடை கூடினால், சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் அதற்கேற்பக் கூட வேண்டும். இவர்களுக்கோ அவ்வாறு கூடவில்லை. அவர்களுடைய எடைக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே உடல் செலவிட்டுக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்துவதில் பங்குள்ள லெப்டின் என்னும் ஹார்மோன், போட்டி முடிந்த தறுவாயில் மிகக் கீழே இறங்கியிருந்தது. பின்னர் ஓரளவு மீண்டாலும் பழைய நிலையை எட்டவில்லை. பசி கூடுதல், செலவு குறைவு என்ற நிலையில் இருப்பவரைப் பார்த்து மனவுறுதி இல்லாதவர் என்று சொல்வது நியாயமாகாது.

பதில்: சுடர்விழி

திரையில் காட்டப்படும் எடைக்குறைவு முழுவதும் கொழுப்பு என்று உங்கள் அக்கா எண்ணிவிட வேண்டாம். உணவு திடீரெனக் குறையும்போது முதல் வாரத்தில் இறங்குவதில் கணிசமான பங்கு, உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜனும் அதனோடு சேர்ந்திருக்கும் நீரும்தான். அதற்கும் மேலாக, பரிசுத் தொகையே எடைக்கருவி காட்டும் எண்ணைப் பொறுத்திருக்கும்போது தண்ணீர் குடிக்காமல் தராசில் ஏறும் ஆசை எழத்தானே செய்யும்? முதல் பருவத்தின் வெற்றியாளரே தாம் பட்டினி கிடந்து, உடலின் நீரை வற்றவைத்ததைப் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். வாரத்திற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறையும்போது பித்தப்பைக் கற்கள் உருவாகும் வாய்ப்பு உயர்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பதில்: பனித்துளி

நெடுவழி அவர்கள் கூறிய தரவுகள் சரியானவையே. ஆயினும் அந்த ஆய்வை மேற்கோள் காட்டி, 'ஒருமுறை இளைத்தால் வளர்சிதை மாற்றம் கெட்டுவிடும், ஆகவே முயல்வதே வீண்' என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள், அது தவறு. அதே போட்டியாளர்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, எடையைக் காத்துக்கொண்டவர்கள் போட்டிக்கு முன்பிருந்ததைவிடத் தங்கள் உடலுழைப்பைச் சுமார் 160 விழுக்காடு உயர்த்தியிருந்ததையும், எடை திரும்பியவர்களிடம் அந்த உயர்வு 34 விழுக்காடாகவே இருந்ததையும் காட்டியது. ஆற்றல் செலவு அதிகம் குறைந்தவர்கள்தாம் எடையை மீண்டும் அதிகம் ஏற்றிக்கொண்டார்கள் என்பதும் இல்லை. ஓயாத கடும் பயிற்சியை ஈடுகட்டவே உடல் தன் ஓய்வுநிலைச் செலவைச் சுருக்கிக்கொண்டிருக்கலாம் என்று 2022-இல் ஹாலே தம் முடிவுகளுக்கு வேறு விளக்கம் தந்தார்.

கார்முகில்

அனைவருக்கும் நன்றி. மெதுவாகக் குறைத்தால் உடலுக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்பதே அக்காவின் அடுத்த கேள்வியாக இருக்கும். நீரிழிவுக்கான எல்லைக்கோட்டில் இருந்த அவர், சென்ற ஆண்டு முதல் அதற்கு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார்.

பதில்: சுடர்விழி

உண்டு. நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும் இலக்காகத் தரப்பட்டன. நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 90 கிலோ உள்ளவருக்கு அது ஆறேகால் கிலோ அளவுதான். அதைக் கண்டு எந்த அரங்கமும் கைதட்டாது.

ஆனால் மாத்திரையைப் பற்றி நீங்கள் இப்போதுதான் சொல்கிறீர்கள். சில வகை நீரிழிவு மாத்திரைகளை எடுத்துக்கொண்டே உணவைப் பாதியாக்கி, மணிக்கணக்கில் பயிற்சியும் செய்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவருடைய மாத்திரை அந்த வகையா, அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியும் வரை அந்தத் திட்டத்தை அவர் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.