வாட் கணக்குக்கு ராப்பர் ஃபங்ஷன்: வைப்பதா, தூக்குவதா?

சாட்ஸ்வர்த் பையன்:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்க்கிறோம். டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் 2019. ப்ரவுன் பிரெட்டுக்கும் பருப்புக்கும் வாட் பூஜ்யம், வெள்ளை பிரெட்டுக்கு 15 சதவீதம். இந்த விதியெல்லாம் ஒரே ஸ்கேலார் ஃபங்ஷனுக்குள், அதாவது ஒரு மதிப்பை மட்டும் திருப்பித் தரும் ராப்பருக்குள், பொதிந்து இருக்கிறது. பில், ஸ்டேட்மென்ட், ரிப்போர்ட் எல்லாம் அதைத்தான் கூப்பிடும். இப்போது மாதக் கடைசி ரிப்போர்ட் இழுத்தடிக்கிறது. "ஃபங்ஷனைத் தூக்கு, கணக்கை அந்தந்த க்வெரியிலேயே எழுது" என்கிறார் சீனியர். வேகம் வரும், சரி. ஆனால் 2025-ல் அரசு மே 1 முதல் வாட் 15.5 என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் இருக்கும்போது வாபஸ் வாங்கினார்களே? அப்போது எனக்கு ஒரே இடத்தில்தான் வேலை. அதை விட மனசில்லை.

க்வெரிமணி:
2019 என்றால் ஸ்கேலார் ஃபங்ஷனை சர்வரே க்வெரிக்குள் விரித்துக்கொள்ளுமே. கம்பாட்டிபிலிட்டி லெவல் (டேட்டாபேஸ் எந்தப் பதிப்பின்படி நடக்கிறது என்ற எண்) 150 இருக்கிறதா? பழைய சர்வரிலிருந்து ரீஸ்டோர் செய்த டேட்டாபேஸ் என்றால் பழைய லெவலிலேயே நிற்கும்.

சாட்ஸ்வர்த் பையன்:
150தான். உள்ளே கெட்டேட் (இன்றைய தேதியைத் தரும் ஃபங்ஷன்) வைத்து அன்றைய விகிதத்தை எடுக்கிறோம். அது இடிக்குமா?

பழைய டிபிஏ:
அதுவேதான் தம்பி. கெட்டேட் இருந்தால் விரிக்காது. ஒவ்வொரு வரிசைக்கும் தனியாகக் கூப்பிடும், வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் பேரலல் பிளானும் போச்சு. ஃபங்ஷன் விவரம் இருக்கும் சிஸ் டாட் எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸில், விரிக்க முடியுமா என்று சொல்லும் இஸ்_இன்லைனபிள் பார், 0 இருக்கும்.

வேகத்தை விடு, கணக்கே தப்பு. 2018 ஏப்ரல் 1-க்கு முன்னால் வாட் 14. அந்த மார்ச் பில்லை இன்று பிரிண்ட் எடுத்தால் உன் ஃபங்ஷன் 15 போடும். பில் தேதியைப் பாராமீட்டராக அனுப்பு.

நானாக இருந்தால் ஸ்கேலாரே வேண்டாம் என்பேன். ஒரே செலக்ட் உள்ள இன்லைன் டேபிள் ஃபங்ஷனாக (மதிப்புக்குப் பதில் டேபிளைத் தருவது) எழுதி, ஒவ்வொரு வரிசையோடும் அதை இணைக்கும் கிராஸ் அப்ளையில் கூப்பிடு. க்வெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் ஆப்டிமைசர் அதை வியூ (பெயர் வைத்துச் சேமித்த க்வெரி) மாதிரி க்வெரியோடு சேர்த்தே பிளான் போடும். விதி ஒரே இடத்தில், சீனியருக்கும் வேகம். உள்ளே பிகின்-எண்ட் மட்டும் போட்டுவிடாதே. மல்டி ஸ்டேட்மென்ட் ஃபங்ஷனாகி, க்வெரியோடு சேராமல் பழைய கதைதான். ஒரு டேபிளுக்கு வேறு பெயர் வைக்க மட்டும் எழுதிய ராப்பர்கள் இருந்தால், அவற்றைத் தாராளமாகத் தூக்கலாம். சீனியரின் கோபம் அங்கே நியாயம்.

சாட்ஸ்வர்த் பையன்:
நன்றி அண்ணா. கிரெடிட் நோட்டுக்கு (பில் தொகையைக் குறைக்கப் போடும் சீட்டு) எந்தத் தேதி அனுப்புவது?

பழைய டிபிஏ:
மூல பில்லின் தேதி. நோட் போட்ட தேதி இல்லை.