சுவரில் 785 என்று எழுதியிருக்கும் தெரு: கடலூர் முதுநகர்ப் பெரியவரை அறிந்தவர்கள் எழுதியது

எதிர்வீட்டுக்காரர்:

தானே புயல் (2011 டிசம்பர் 30) அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் கொடுத்தது முனையில் இருக்கும் இந்தியா மார்க் 2 அடிபம்புதான். அதை இன்றுவரை ஓடவைப்பவர் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். மாதப் பிறப்பன்று, குடங்கள் போனபிறகு, 17-19 ஸ்பேனரோடு வருவார். முன்மூடியைக் கழற்றிச் சங்கிலியைத் துணியால் துடைப்பார். கண்ணி கண்ணியாக விரலால் கிராபைட் கிரீஸ் அப்புவார். இங்கே உப்புக்காற்று, கிரீஸ் காய்ந்தால் துரு ஏறிவிடும். அடுத்து நட்டுகளை எல்லாம் இறுக்குவார். நட்டு தளர்ந்தால் பம்பின் தலை ஆடும், தலை ஆடினால் பேரிங் கெடும்.

அதன்பின் இரண்டு சோதனை. அரைமணி நேரம் யாரையும் அடிக்கவிடாமல் வைத்து, எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று பார்ப்பார். பிறகு வாளி வைத்துத் தொடர்ந்து 40 அடி அடித்து அளப்பார். இரண்டு எண்ணையும் தேதியோடு ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துவைப்பார்.

பம்பு ரிப்பேர் பார்ப்பவர்:

அந்தக் காலண்டரின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். ஐந்து அடிக்கு மேல் அடித்தும் தண்ணீர் ஏறவில்லை என்றால் பைப்பின் அடியில் இருக்கும் வால்வு ஒழுகுகிறது, அல்லது பைப்பில் ஓட்டை. 40 அடிக்கு 10 லிட்டர்கூட வரவில்லை என்றால் தண்ணீரை மேலே ஏற்றும் சிலிண்டருக்குள் இருக்கும் இரண்டு கப் வாஷர்கள் (கிண்ணம் போன்ற வாஷர்கள்) தேய்ந்திருக்கின்றன. கைப்பிடி கனமே இல்லாமல் விழுந்தால் உள்ளே கைப்பிடியையும் சிலிண்டரையும் இணைக்கும் ராடு கழன்றுவிட்டது. இது முன்பே தெரிந்தால் சாமானோடு வரலாம். தெரியாவிட்டால் பைப்பை மேலே தூக்கியபிறகு கடைக்கு ஓட வேண்டும், அரைநாள் போய்விடும். வாஷர் மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லிப் பெரியவர் பக்கத்திலேயே நிற்பார். அவர் சொல்வது சரி. ஒன்றை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி எல்லாப் பைப்பையும் தூக்க வேண்டிவரும்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:

பம்போடு பொதுக்கிணற்றையும் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் பெரியவர் கரியால் 785 என்று எழுதியிருப்பார். அது கணக்கு. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் லிட்டர் வரும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று வைத்தால் சுமார் 24 கிராம் போதும்.

பலர் தப்பு செய்வது இதற்குப் பிறகுதான். பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டுவார்கள். பெரியவர் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோல் குழைத்து, வாளியில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிஷம் வைப்பார். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு மேலும் கீழும் ஆட்டுவார். "தம்பி, அடியில தங்குன சுண்ணாம்ப உள்ள ஊத்திடாத, தண்ணி கடுத்துடும்" என்பார். மருந்து போட்டு ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. அதன்பின் சோதனைக் கிட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னும் போட வேண்டும்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரைபுரண்ட சமயம், கிணறு கலங்கிக் கிடந்தது. சேறு குளோரினைத் தின்றுவிடும். முதலில் இறைத்தாக வேண்டும். ஆனால் மோட்டார் போட்டு ஒரே மூச்சில் வற்றடிக்க அவர் விடவில்லை. சுற்றிலும் மண் ஊறிக்கிடக்கும்போது உள்ளே தண்ணீரின் எதிர்ப்பு போய்விட்டால் உறை சரியும். நிறுத்தி நிறுத்தி இறைக்கவைத்தார். எத்தனையோ கிணறுகளைப் பார்த்த நான், இவ்வளவு பொறுமையை வேறெங்கும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர்:

பவுடர் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாடிப்படிக்குக் கீழே, இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். மேலே பிரித்த தேதி இருக்கும். ஈரம் பட்டுக் கட்டிதட்டி, நெடி குறைந்திருந்தால் அதை எடுக்காதீர்கள். வீரியம் போயிருக்கும், அளந்து போட்டும் பயனில்லை.

இந்த மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கிரீஸ் போட்டது பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து 40 வரை எண்ணினார். பதிமூன்று லிட்டர் வந்தது.