தூயமல்லி போட்ருக்கேன், உள்ளூர்லயே அரிசியா விக்க முடியுமா?

மன்னைக்காரன்:
வணக்கம். மன்னார்குடி பக்கம் நம்ம நிலம், அதுல மூணு மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) மட்டும் இந்த சம்பா பருவத்துக்கு தூயமல்லி, மாப்பிள்ளை சம்பான்னு ரெண்டு பாரம்பரிய நெல்லு போட்ருக்கேன், மருந்து எதுவும் அடிக்கல. டிபிசில, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துல, கொண்டு போட்டா சன்ன ரகம், பொது ரகம்னு ரெண்டே விலை, பாரம்பரியம்னு பத்து பைசா கூட வராது. சென்னைக்கு அனுப்புனா பார்சல் சார்ஜே தின்னுடுது. நெல்லு விளையுற ஊர்ல உக்காந்துகிட்டு நம்ம ஜனம் கர்நாடகா பொன்னி வாங்கி திங்குது. சுத்துப்பட்டுலயே அரிசியா விக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வெண்ணாறு:
விக்கிறது அப்புறம், அரைக்கிறது தாங்க முதல் தலைவலி. பெரிய மில்லுல லோடு கணக்கா கேப்பான், உங்க பத்து இருபது மூட்டைய தனியா ஓட்ட மாட்டான், ஓட்டுனாலும் முன்னாடி ஓடுன நெல்லு கலந்துதான் வரும். உமிய மட்டும் நீக்குற ரப்பர் ரோலர் வச்ச சின்ன மில்லு எங்க இருக்குன்னு இப்பவே விசாரிங்க. முக்கியமா மொத்தத்தையும் ஒரே தடவைல அரைச்சிடாதீங்க, தீட்டாத அரிசில தவிட்டு எண்ணெய் அப்படியே இருக்கும், ரெண்டு மூணு மாசத்துல சிக்கு வாடை வந்து வண்டும் விழுந்துடும், நெல்லா வச்சிருந்தா ஒரு வருஷம் கூட தாங்கும், சோறும் குழையாது. மாசாமாசம் ஆர்டருக்கு தக்கன அரைங்க. டிபிசிக்கு 17 சதவீதம் ஈரம் ஓகே, ஆனா வீட்ல வைக்கணும்னா 13, 14க்கு இறங்கணும். அதுக்குன்னு தார் ரோட்டுல கொட்டி உச்சி வெயில்ல காயவச்சா அரைக்கும்போது பாதி நொய்யாத்தான் கொட்டும்.

தஞ்சாவூர்அக்கா:
தம்பி நான் வாங்கி திங்கிற ஆளு. தூயமல்லி வெள்ளையா இருக்கும், பொன்னி தின்னவங்களும் மூஞ்சி சுளிக்காம சாப்புடுவாங்க, அத முதல்ல குடுங்க. மாப்பிள்ளை சம்பாவ நேத்து வரைக்கும் பொன்னி வச்ச அதே குக்கர்ல அதே விசில்ல வச்சுட்டு வேகலன்னு திட்டுவாங்க! முதநாள் ராத்திரியே ஊறவைங்கன்னு பைக்குள்ள ஒரு சீட்டு போடுங்க. அவலா இடிச்சு குடுத்தா இன்னும் நல்லா போகும்.

கோரையாறு:
அக்கா சொல்றதெல்லாம் சரி, ஆனா உள்ளூர்ல கடன் சொல்லிட்டு போவாங்களே அத யாரும் பேசல. மாமன் மச்சான்னு ஆரம்பிச்சா அரிசி தீரும், காசு வராது. மெஸ்ஸு, டீச்சருங்க, பேங்க் ஸ்டாஃப் மாதிரி மாசச் சம்பளக்காரங்க பத்து வீடு புடிங்க, முன்பணம் வாங்கிட்டு அரைங்க. 100 கிலோ நெல்லுக்கு 60, 65 கிலோ அரிசி தான் கைக்கு வரும், அரவைக்கூலி, சாக்கு எல்லாம் கூட்டி விலை போடுங்க.

ஆதிரெங்கத்தான்:
விதைய மறந்துட்டீங்களே. பாரம்பரிய நெல்லு ரகங்கள மீட்டெடுத்த நெல் ஜெயராமன் எங்க ஆதிரெங்கத்துல 2006ல நெல் திருவிழா ஆரம்பிச்சப்ப ரெண்டு கிலோ விதை வாங்குனா அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பித் தரணும், அப்படித்தான் பரவுச்சு. உங்க நெல்லையும் விதைக்கு கேப்பாங்க. ஆனா அறுப்பு மிஷின் பக்கத்து வயல்லேர்ந்து நேரா இறங்குனா டேங்க்ல கெடக்குற ஏடிடி மாதிரி வேற ரக நெல்லு உங்களுதுல கலந்துடும், விதைக்கு ஆகாது. விதைக்கு மட்டும் நடுவயல்ல கொஞ்சம் கையால அறுத்துக்கங்க. மாப்பிள்ளை சம்பா ஆளுயரம் வந்து சாஞ்சிடும், மிஷின்காரன் மணிக்கணக்க கூட்டுவான், முன்னாடியே பேசிக்கங்க.

மன்னைக்காரன்:
நன்றி எல்லாருக்கும். வெண்ணாறு அண்ணே, நீடாமங்கலம் பக்கம் சின்ன மில்லு ஏதும் தெரியுமா? தெரிஞ்சா இன்பாக்ஸ் பண்ணுங்க.