‘பயோமார்க்கர்’: கல்லீரல் சோதனைகளை உரைகல்லாகக் கொண்டு ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலின் நிலையையோ நோயையோ அளந்து காட்டும் அடையாளமான ‘பயோமார்க்கர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை உயிர்க்குறி, உயிரியல் குறிப்பான், உயிரியல் அடையாளம் ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இம்மூன்றையும் கல்லீரல் நோய்களுக்கான ஆய்வுக்கூடச் சோதனைகளில் பொருத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நோய் இருக்கிறதா, நோயாளி மூன்று மாதம் தாண்டுவாரா, இன்ன மருந்து அவருக்குப் பயன் தருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் கல்லீரல் மருத்துவர் ஒரே இரத்த அறிக்கையில் விடை தேடுகிறார். நம்முடைய சொல் இந்த மூன்றையும் பிரித்துக் காட்ட இடம் தராவிட்டால், கட்டுரையில் தமிழ் இருக்கும், பொருள் இருக்காது.

முதலில் வேர்ச்சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘உயிர்க்குறி’ சுருக்கமாகவும் ஓசை நயத்துடனும் இருக்கிறது. ஆனால் நாடித்துடிப்பு, உடல் வெப்பம், மூச்சு வீதம் ஆகியவற்றைக் குறிக்கவும் அச்சொல் வழங்குவதால், இரண்டும் ஒரே பத்தியில் வரும்போது படிப்பவர் தடுமாறுவார். ‘குறி’ என்பதற்கு ‘அறிகுறி’யோடு உள்ள நெருக்கமும் இடர்தான், அறிகுறியை நோயாளி உணர்கிறார், பயோமார்க்கரை அளந்தால்தான் தெரியும். நோயின் வருங்காலத்தைக் கணிக்கும் அளவைக்கு ‘முன்குறி’ என்று ஒருவர் முன்மொழிந்ததைப் படித்தபோது, மருத்துவர் குடுகுடுப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பதுபோல் தோன்றிவிட்டது. ‘குறிப்பான்’ குற்றமற்ற சொல்லே. அதைப் பயன்படுத்துவோரோடு எனக்கு வழக்கில்லை. எனினும், ‘இந்த அளவு பாதிப்பைச் சுட்டுகிறது’ என்று வினையாகவும், அதே வேரிலிருந்து பெயராகவும் எளிதில் வரும் ‘சுட்டி’யே என் தேர்வு. கணினிச் சுட்டியோடும் குறும்புக்காரக் குழந்தையோடும் குழம்பாதா என்று கேட்கலாம். இரத்த அறிக்கையைப் பற்றிய வாக்கியத்தில் அந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பில்லை.

முன்னொட்டில் ‘குருதி’யைச் சேர்த்துக் ‘குருதிச்சுட்டி’ எனலாம் என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் இணைந்து 2016இல் வெளியிட்ட சொல் விளக்கத் தொகுப்பு, மூலக்கூறு அளவுகளோடு திசு, படிமம், உடலியக்கம் சார்ந்த அளவுகளையும் பயோமார்க்கர்களில் சேர்க்கிறது. மீயொலி அலைகளால் அளக்கப்பட்டுக் கிலோபாஸ்கலில் சொல்லப்படும் கல்லீரலின் விறைப்பு இரத்தத்தில் இல்லை, ஆனால் அதுவும் பயோமார்க்கர்தான். ஆகவே பொதுச்சொல் ‘உயிரிச்சுட்டி’ என்றும், உறுப்பின் பெயரோடு வரும்போது முன்னொட்டை விட்டுவிட்டுக் ‘கல்லீரல் சுட்டி’ என்றும் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், எல்லோரும் கேள்வி கேட்காமல் எழுதிவரும் ‘கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை’ என்ற தொடரில் இருக்கிறது. அந்த அறிக்கையில் முதலில் கண்ணில் படும் ஏஎல்டி, ஏஎஸ்டி என்னும் இரண்டு நொதிகளும் கல்லீரலின் செயல்பாட்டை அளப்பவை அல்ல. செல்களுக்குள் இருக்க வேண்டிய அவை, செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசிகின்றன; எனவே அவை சிதைவைச் சுட்டுபவை. ஏஎஸ்டி இதயத்திலும் தசைகளிலும்கூட இருப்பதால் அது கூடியிருந்தால் கல்லீரல்தான் காரணம் என்று உடனே முடிவுகட்டவும் முடியாது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி பித்த ஓட்டம் தடைப்படுவதைச் சுட்டுகிறது. அது எலும்பிலிருந்தும் வரக்கூடும் என்பதால் ஜிஜிடி என்னும் இன்னொரு நொதியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உண்மையில் செயல்பாட்டுக்கு நெருக்கமானவை அல்புமின் என்னும் இரத்தப் புரதமும் இரத்த உறைவு நேரமும்தான். அல்புமினையும் உறைவுக் காரணிகளில் பெரும்பாலானவற்றையும் கல்லீரலே ஆக்குகிறது. அதிலும் அல்புமினின் அரைவாழ்வு ஏறத்தாழ மூன்று வாரம். சில உறைவுக் காரணிகளின் அரைவாழ்வு சில மணி நேரமே. ஆகவே திடீரெனக் கல்லீரல் செயலிழந்தவருக்கு முதல் நாள்களில் அல்புமின் இயல்பாகவே இருக்க, உறைவு நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

பெயர் தவறாக இருப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் அறிக்கையைக் காட்டுகிறேன்; எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. பாரசிட்டமாலை அளவு மீறி உட்கொண்ட ஒருவருக்கு இரண்டாம் நாள் ஏஎல்டி 2,500, ஐஎன்ஆர் 2.5, பிலிருபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமி) 3. ஐந்தாம் நாள் ஏஎல்டி 900 ஆக இறங்கிவிட்டது. ஆனால் ஐஎன்ஆர் 6, பிலிருபின் 11. ‘செயல்பாட்டுச் சோதனை’ என்ற தலைப்பின் கீழ் இதைப் படிக்கும் உறவினர், ஆயிரக்கணக்கில் இருந்த எண் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டதே என்று ஆறுதல் அடைவார். மருத்துவரோ மாற்றுக் கல்லீரலைப் பற்றிப் பேசத் தொடங்குவார். ஏஎல்டியின் அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டு நாள்; புதிதாகக் கசிவதற்குச் செல்கள் மிச்சமில்லாதபோதும் அது இறங்கத்தான் செய்யும். மறுபக்கம், நீண்டகாலச் சிரோசிஸ் (கல்லீரல் முழுதும் தழும்பேறிய முற்றிய நிலை) உள்ளவருக்கு ஏஎல்டி இயல்பளவிலேயே இருப்பதும் உண்டு. எனவே இந்தத் தொகுதிக்குக் ‘கல்லீரல் இரத்தச் சோதனைகள்’ என்ற பொதுப்பெயர் போதும். உள்ளே சிதைவுச் சுட்டி, பித்தத்தடைச் சுட்டி, ஆக்கத்திறன் சுட்டி என்று பிரித்து எழுதலாம். நான்காவதாகத் தழும்பேற்றச் சுட்டி ஒன்றும் வேண்டும். ‘இழைநார் வளர்ச்சி’ என்ற தொடரைச் சிலர் ஃபைப்ரோசிஸுக்கும் (தழும்பேற்றம்) வேறு சிலர் சிரோசிஸுக்கும் எழுதுவதால் அதை நான் தவிர்க்கிறேன்.

அடுத்தது ‘முன்கணிப்பு’. ப்ரோக்னாஸ்டிக், ப்ரிடிக்டிவ் ஆகிய இரண்டுக்கும் நாம் இந்த ஒரே சொல்லைத்தான் எழுதிவருகிறோம். மருத்துவத்தில் இவை வேறுவேறு. எந்தச் சிகிச்சை தரப்பட்டாலும் நோய் எப்படிப் போகும் என்று சொல்வது முதலாவது. குறிப்பிட்ட சிகிச்சையால் யாருக்குக் கூடுதல் பயன் கிடைக்கும் என்று பிரித்துச் சொல்வது இரண்டாவது. ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் இரத்தப் புரதம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கல்லீரல் புற்றுநோய் வரக்கூடியவர்களை மீயொலிச் சோதனையோடு சேர்த்துக் கண்காணிக்க அது உதவுகிறது. புற்றுநோய் உறுதியானவருக்கு அது மிகுதியாக இருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொண்ட பின் ராமுசிருமாப் என்ற மருந்தைக் கொடுப்பதற்கோ, அது ஒரு மில்லிலிட்டருக்கு 400 நானோகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று 2019இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஒப்புதல் சொல்கிறது. பொருள் ஒன்று, அது ஏற்கும் வேலை மூன்று. ஆகையால் பெயர் வேலைக்குத்தான் இடப்பட வேண்டும்: நோயறி சுட்டி, நோய்ப்போக்குச் சுட்டி, சிகிச்சைப்பயன் சுட்டி. ‘பலன் சுட்டி’ என்று சுருக்கலாமே என்றால், அது ராசிபலனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ‘சிகிச்சை’யைப் ‘பண்டுவம்’ ஆக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. புதிய சொல் ஒன்றைப் புகுத்தும்போது பக்கத்தில் நிற்கும் சொல்லாவது தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இறுதியாக ‘ஸ்கோர்’. இதை உயிரிச்சுட்டியோடு கலக்கக் கூடாது. சிரோசிஸின் கடுமையை மதிப்பிடும், 1973இல் பியூ திருத்தியமைத்த சைல்டு–பியூ வகைப்பாட்டில் பிலிருபின், அல்புமின், உறைவு நேரம் ஆகியவற்றோடு, வயிற்றில் நீர் கோத்திருப்பதும் மூளை மயக்கமும் சேர்கின்றன. கடைசி இரண்டையும் மருத்துவர் நேரில் பார்த்து மதிப்பிடுகிறார். மெல்டு (MELD) என்னும் எண்ணில் முதலில் இருந்த இரத்த அளவுகள் பிலிருபின், ஐஎன்ஆர், சிறுநீரகத்தின் நிலையைச் சுட்டும் கிரியாட்டினின் ஆகிய மூன்றுதான். கல்லீரலுக்குள் மாற்றுக் குழாய் பொருத்தும் சிகிச்சைக்குப் பின் பிழைப்பவர்களைக் கணிக்க 2000இல் உருவாக்கப்பட்ட அது, 2002 முதல் அமெரிக்காவில் மாற்றுக் கல்லீரல் வழங்கும் முன்னுரிமையைத் தீர்மானித்தது. சோடியம் 2016இலும், அல்புமினும் நோயாளியின் பாலினமும் 2023இலும் அதில் நுழைந்தன. நோயின் போக்கைக் கணிக்கும் இந்த இரண்டிலும் ஏஎல்டிக்கும் ஏஎஸ்டிக்கும் இடமே இல்லை என்பதை, மேலே சிதைவுச் சுட்டியைப் பிரித்ததற்குத் துணைச் சான்றாகக் கொள்ளலாம்.

இவற்றை ‘மதிப்பெண்’ என்றால் கூடக்கூட நல்லது என்ற தேர்வுக்கூட நினைப்பு வந்துவிடும். மெல்டு எண்ணோ 6இலிருந்து 40 வரை ஏறஏற ஆபத்து. ‘கணிப்பெண்’ என்ற முன்மொழிவில் பொருள் சரிதான், ஆனால் அதைப் பிரித்துப் படிப்பவர் யார் அந்தப் பெண் என்று கேட்பார். ‘மதிப்பெண்’ இத்தனை ஆண்டு இந்தக் கேலியைத் தாங்கியிருக்கிறது, இன்னொன்று எதற்கு? பல அளவுகளைச் சேர்த்துப் பெறும் எண் என்பதால் ‘கூட்டெண்’ என்று வைக்கலாம்; கணக்கில் அச்சொல்லுக்கு வேறு வழக்கு இருந்தால், கணித ஆசிரியர்கள் இங்கேயே தடுத்துவிடுங்கள்.

கூட்டெண்ணோடு ‘கட்-ஆஃப்’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ஃபிப்-4 என்ற தழும்பேற்றக் கூட்டெண்ணைப் பெற, வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, வந்ததைத் தட்டணு எண்ணிக்கையையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்கிறார்கள். 60 வயது, ஏஎஸ்டி 50, ஏஎல்டி 36, தட்டணு 125 ஆயிரம் என்றால் 3,000ஐ 750ஆல் வகுக்க 4 வரும். அது 2.67ஐத் தாண்டுவதால், முற்றிய தழும்பேற்றம் இருக்கக்கூடும் என்று மேற்சோதனைக்கு அனுப்புவார்கள். இதே இரத்த அறிக்கை 30 வயதுக்காரருடையது என்றால் விடை 2 மட்டுமே, 1.3க்கும் 2.67க்கும் நடுவே, இப்படியும் சொல்ல முடியாத அப்படியும் சொல்ல முடியாத இடத்தில் அது நிற்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லையையே 2 ஆக உயர்த்திக்கொள்கிறார்கள். நலமானவர்களை அளந்து பெறும் ‘இயல்பளவு’ வேறு, முடிவெடுப்பதற்காக வகுத்துக்கொள்ளும் இந்த எல்லை வேறு. பின்னதற்கு ‘வெட்டுப்புள்ளி’ என்று எழுதுகிறார்கள். நான் ‘முடிவெல்லை’ என்பேன். நடுவில் உள்ள பகுதியைத் ‘தெளியா எல்லை’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை; அதற்கு உங்கள் சொற்களை எதிர்பார்க்கிறேன்.